செல் தீர்ந்த கைக்கணினியும் அப்பாவின் கணக்கும்

என் அப்பா 2012 ஜனவரியில், பொங்கல் கழிந்த மறுவாரம் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு, தண்டையார்பேட்டை வீட்டில் அம்மாவும் நானும் மட்டும் உட்கார்ந்து கொடுக்கல் வாங்கலைப் பேசத் தொடங்கினோம். அப்பா மூன்று பேருக்குக் கைமாற்றாகப் பணம் கொடுத்திருந்தார், எல்லாம் சேர்ந்து 1,85,000 ரூபாய் இருக்கும் என்ற அளவுக்கு அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் என்பது தெரியவில்லை. “எல்லாத்தையும் அந்த டப்பாவுலதான் எழுதி வெச்சிருக்கார்ப்பா” என்று பீரோவைக் கைகாட்டினார். அடுத்த ஒரு வாரத்தில் அந்தக் கருவியில் இருந்த அனைத்தையும் என் கையாலேயே அழியவிட்டேன். எனக்கு அப்போது விவரம் சொல்ல யாரும் இல்லை. இன்னும் பல வீடுகளின் பீரோவில் இப்படி ஒரு கருவி துணியில் சுற்றிக் கிடக்கக்கூடும் என்பதால், நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அம்மா டப்பா என்று சொன்னது பாம் த்ரீ எக்ஸ்.ஈ. என்ற கைக்கணினி. அப்பா பாரிமுனையில், லிங்கிச்செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்த்தார். துறைமுகத்துக்கும் சுங்க அலுவலகத்துக்கும் நாள் முழுக்க நடக்கும் வேலை. கப்பலின் பெயர், கண்டெய்னர் எண், லாரிக்காரரின் தொலைபேசி எண் என்று எந்நேரமும் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கும். 2000-இல் கப்பலில் இன்ஜினியராக இருந்த பக்கத்து வீட்டு மாமா சிங்கப்பூரிலிருந்து இதை வாங்கி வந்து கொடுத்தார். அன்று முதல் அப்பாவின் சட்டைப் பையில் அது இல்லாத நாளே கிடையாது. ஸ்டைலஸ் என்ற குச்சியால் திரைக்குக் கீழே உள்ள கட்டத்தில் எழுத வேண்டும். இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் எண். கிராஃபிட்டி என்ற அந்த எழுத்துமுறையில் பெரும்பாலான எழுத்துகளைக் குச்சியை எடுக்காமல் ஒரே இழுப்பில் எழுதியாக வேண்டும். ஆங்கில ஏ எழுத்துக்கு நடுவிலுள்ள குறுக்குக் கோடு கிடையாது, வீட்டுக் கூரைபோல இரண்டு சாய்வுக் கோடுகள் மட்டும்தான். அதில் தமிழில் எழுத வழியில்லாததால், அப்பா தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிவந்தார். நாளடைவில் காகிதத்தில் பேனாவால் எழுதும்போதும் அவருடைய ஏ கூரையாகவே ஆகிவிட்டது.

பீரோவிலிருந்து எடுத்துப் பச்சை பொத்தானை அழுத்தியதும் திரை உயிர்பெற்றது. கூடவே, பேட்டரி மிகவும் குறைந்துவிட்டது என்ற எச்சரிக்கையும் வந்தது. அந்த நேரத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒரே ஒரு காரியம்தான்: முகவரிப் பட்டியலைத் திறந்து, கைப்பேசிக் கேமராவால் திரையைப் படம் எடுத்திருக்க வேண்டும். அந்தத் திரை 160-க்கு 160 புள்ளிகள் கொண்டது. முகவரிப் பட்டியலில் ஒரு திரைக்குப் பதினொரு வரிகள் தெரியும். நானூறு பெயர்கள் இருந்திருந்தாலும் 37 படங்களில் வேலை முடிந்திருக்கும். குறிப்புகளுக்கு இன்னொரு நாற்பது படங்கள். ஒரு மணி நேர வேலை. எனக்கு அது தோன்றவே இல்லை. எல்லாவற்றையும் முறையாக மடிக்கணினிக்கு மாற்றிவிட வேண்டும் என்ற எண்ணம்தான் இருந்தது.

கருவியோடு வந்த தாங்கியும் பீரோவில் இருந்தது. கைப்பேசியைப் போல அதில் வைத்தால் சார்ஜ் ஏறும் என்று நம்பி, அன்றிரவே அதில் வைத்துவிட்டேன். இது என் முதல் தவறு. த்ரீ வரிசைக் கருவிகள் டி.வி. ரிமோட்டில் போடும், ஏ.ஏ.ஏ. என்று குறிக்கப்படும் சின்ன பென்சில் செல் இரண்டில் இயங்குபவை. அவற்றின் தாங்கி கணினியோடு தகவல் பரிமாற மட்டுமே பயன்படும், மின்சாரம் ஏற்றாது. 1999-இல் வந்த பாம் ஃபைவ் போன்ற, உள்ளேயே லித்தியம் பேட்டரி வைத்து மூடப்பட்ட மாடல்களின் தாங்கிகள்தாம் சார்ஜ் ஏற்றும். உங்கள் கருவியின் பின்புறத்தில் செல் போடுவதற்கான மூடி இருந்தால், தாங்கியை நம்பி ஒரு நாள்கூட இருக்க வேண்டாம்.

தாங்கியின் வயர் பழைய ஒன்பது முனை சீரியல் வகை. என் மடிக்கணினியில் அந்தத் துளையே இல்லை. ரிச்சி தெருவுக்குப் போய் 350 ரூபாய்க்கு யு.எஸ்.பி.யை சீரியலாக மாற்றும் வயர் ஒன்று வாங்கிவந்தேன். பாமின் கணினி மென்பொருளான ஹாட்சிங்க், காம் 1 என்ற போர்ட்டில் கருவியைத் தேடிக்கொண்டிருந்தது. வயரோ தன்னைக் காம் 7 என்று பதிவு செய்துகொண்டிருந்தது. அமைப்பில் அந்த ஓர் எண்ணை மாற்றியிருந்தால் இணைந்திருக்க வாய்ப்புண்டு. இது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு, தாங்கியில் இருந்த பொத்தானை மூன்று நாட்களில் எத்தனை முறை அழுத்தினேன் என்று கணக்கே இல்லை. ஒவ்வொரு முறையும் கருவி கணினியைத் தேடி, காத்திருந்து, தோற்றுப்போய் நின்றது. அந்தத் தேடலுக்கும் அதே இரண்டு செல்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். நான்காம் நாள் காலை, பச்சை பொத்தானை அழுத்தியபோது திரையில் எதுவுமே வரவில்லை.

இங்கேதான் எல்லோரும் நிறுத்திப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். திரை வரவில்லை என்றால் உள்ளே இருப்பது போய்விட்டது என்று பொருள் அல்ல. செல் மிகவும் இறங்கிவிட்டால், மிச்சமிருக்கும் சொற்ப மின்சாரத்தை நினைவகத்தைக் காப்பதற்கென்று ஒதுக்கிக்கொண்டு, திரையை ஏற்ற மறுப்பது இந்தக் கருவிகளின் வடிவமைப்பிலேயே உள்ளது. அந்த நிலையிலும் சில நாட்கள் வரை தகவல் உயிரோடு இருக்கும். புதிய செல் இரண்டையும் உறை பிரித்துக் கையில் தயாராக வைத்துக்கொண்டு, பின்மூடியைத் திறந்து, பழையதை எடுத்த கையோடு புதியதைப் போட்டிருந்தால் அப்பாவின் எழுத்து அத்தனையும் திரும்பி வந்திருக்கும். அந்த இடைவெளியில் நினைவகத்தைத் தாங்கிப் பிடிக்க உள்ளே ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. அது ஏறத்தாழ ஒரு நிமிடம் தாங்கும் என்பதுதான் புதுக் கருவிக்கான கணக்கு. பத்துப் பன்னிரண்டு ஆண்டு பழகிய கருவியில் அந்த ஒரு நிமிடத்தையும் நம்பக் கூடாது, பத்து விநாடிக்குள் முடிக்க வேண்டும். ஒவ்வொரு செல்லாக மாற்றினால் ஆபத்தில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டு செல்லும் தொடராக இணைக்கப்பட்டவை. ஒன்றை எடுத்தாலே மின்சாரம் முழுவதும் நின்றுவிடும்.

நான் அதைக் கடைக்குக் கொண்டுபோனேன். டி.எச். ரோட்டில் கைப்பேசி பழுதுபார்க்கும் சிறிய கடை. அந்தப் பையன்மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை, அவன் அப்படி ஒரு கருவியை அதற்கு முன் பார்த்ததே கிடையாது. மூடியைத் திறந்து இரண்டு செல்லையும் எடுத்து மேசைமேல் வைத்தான். செல் உட்காரும் சுருள் கம்பிகளில் பச்சை பூத்திருந்தது. காசிமேட்டுக் கடற்காற்று எங்கள் பக்கத்து வீடுகளில் ரேடியோ, டார்ச் லைட் எதையும் விட்டுவைப்பதில்லை. “கிளீன் பண்ணி வெக்கறேன்ணா, நாளைக்கு வாங்க” என்றான். செல்லை எடுத்துவிட்டு இரவு முழுக்க வைத்திருந்தால் என்ன ஆகும் என்று அவனும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் மாலை போனபோது கம்பிகள் பளிச்சென்று இருந்தன, புதிய செல் போட்டிருந்தான். பொத்தானை அழுத்தியதும் திரை வந்தது. எனக்கு ஒரு கணம் நெஞ்சு நிறைந்தது. ஆனால் அதில் அப்பாவின் பட்டியல் இல்லை. ஆங்கிலத்தில் ஒரு வரவேற்பு வாசகம் இருந்தது. குச்சியால் தொட்டதும், திரையின் மூலையில் ஒரு குறி தோன்றி, அதன் நடுவைத் தொடச் சொன்னது. தொடுதிரையைச் சரிபார்க்க, கடையிலிருந்து வாங்கிவந்த முதல் நாளில் கேட்கும் கேள்வி அது. தொட்டேன். எதிர் மூலையில் இன்னொரு குறி வந்தது. அதையும் தொட்டேன். பிறகு நாடு எது, இன்றைய தேதி என்ன என்று கேட்டது. முகவரிப் புத்தகம் வெறுமையாக இருந்தது. 200 ரூபாயைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாப்பில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன். அம்மாவிடம் இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன்.

ஏன் இப்படி ஆனது என்பதைப் பிறகு உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன். 1996-இல் முதல் பைலட் கருவி வந்தபோது அதை உருவாக்கியவர்களின் நோக்கம், சட்டைப் பையில் அடங்க வேண்டும், பொத்தானை அழுத்திய கணமே திறக்க வேண்டும், சாதாரண செல்லில் வாரக்கணக்கில் ஓட வேண்டும் என்பதாக இருந்தது. அவர்களில் ஒருவரான ஜெஃப் ஹாக்கின்ஸ் அதற்காக ஒரு மரக்கட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்து அளவு பார்த்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. உள்ளே இருந்த மோட்டோரோலா டிராகன்பால் சிப் 16 மெகாஹெர்ட்ஸ் வேகம் மட்டுமே கொண்டது. அதில் ஹார்ட் டிஸ்க் இல்லை. நாம் சேர்த்த நிரல்களும் எழுதிய குறிப்புகளும் ஒரே ரேமில்தான் இருந்தன. முதல் பைலட் 1000 மாடலில் அது 128 கிலோபைட். அப்பாவின் கருவியில் 8 மெகாபைட். மின்சாரம் நின்றால் ரேம் துடைத்துவிட்டாற்போல ஆகிவிடும். அழியாத ஃபிளாஷ் பகுதி ஒன்று இருந்தது, அதில் இயங்குதளம் இருந்தது. அதனால்தான் எல்லாம் போன பிறகும் வரவேற்பு வாசகம் மட்டும் வந்தது. கருவியைக் குறை சொல்ல நான் வரவில்லை. தினமும் கணினியில் வைத்து ஒரு பிரதி எடுத்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் வடிவமைக்கப்பட்ட பொருள் அது. அப்பாவும் 2007 வரை அப்படித்தான் செய்துவந்தார். அந்த ஆண்டு பழைய கணினியைப் பரணில் ஏற்றிவிட்டு, சீரியல் துளை இல்லாத மடிக்கணினியை நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

இது தெரியாத நிலையில், அழிந்த தகவலை மீட்டுத் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்திடம் போனேன். பரிசோதனைக் கட்டணம் 3,500 ரூபாய், முன்பணமாக. மீட்டால் மேலும் 15,000. இரண்டு வாரம் வைத்திருந்து, முடியவில்லை என்ற ஒரு வரிக் கடிதத்தோடு திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு நாள் முழுக்க மின்சாரம் இல்லாமல் கிடந்த ரேமிலிருந்து எதையும் எடுக்க முடியாது என்பதை முதல் நாளே, பணம் வாங்காமலே சொல்லியிருக்கலாம். அது நியாயமில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். யாரிடமாவது கொடுக்கும் முன், தகவல் ரேமில் இருந்ததா ஃபிளாஷில் இருந்ததா என்று நீங்களே கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் பணம் கட்ட வேண்டாம். பொதுவாக 2004-இல் வந்த ட்ரியோ 650, டங்ஸ்டன் டி5 ஆகியவற்றிலிருந்துதான் பாம் கருவிகளில் செல் தீர்ந்தாலும் அழியாத நினைவகம் வந்தது. விண்டோஸ் வகைக் கைக்கணினிகளில் 2005-இல் விண்டோஸ் மொபைல் 5 வந்தபோது இது நடந்தது. அதற்கு முந்தையது என்றால், செல்லைத் தொடுவதற்கு முன் நூறு முறை யோசிக்க வேண்டும்.

கருவி இன்னும் திறக்கிறது என்றால், முதலில் கண்ணால் பார்த்துப் பிரதி எடுங்கள். படமோ, நோட்டில் பேனாவோ, எதுவானாலும் சரி. அழகான வழியைத் தேடுவது அதற்குப் பிறகு. அதே வகைக் கருவி இன்னொன்று கிடைத்தால், த்ரீ மாடலிலிருந்து உள்ள அகச்சிவப்புக் கதிர் வழியாக, இரண்டையும் அரை அடி இடைவெளியில் எதிரெதிரே வைத்து ஒரு பிரிவு முகவரிகளை மொத்தமாக அனுப்பிவிடலாம். இதற்கு வயரே வேண்டாம். திரை வெளிறிக் கிடந்தால் பக்கவாட்டில் உள்ள சிறு சக்கரத்தைத் திருப்பிப் பாருங்கள், பையில் உரசி அது திரும்பியிருக்கலாம். பின்புறம் ரீசெட் என்று ஒரு துளை இருக்கும். அதை அழுத்தினால் கருவி மறுபடி தொடங்கும், தகவல் போகாது. ஆனால் பச்சை பொத்தானைப் பிடித்துக்கொண்டே அதை அழுத்தினால், எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்கும். மேல்நோக்கிய பொத்தானை அழுத்துவது ஆம் என்று பொருள், வேறு எதை அழுத்தினாலும் தப்பித்துவிடலாம். செல் கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால், அது ஆல்கலைன் செல்லின் காரம். பிரதி எடுத்த பிறகு, பஞ்சில் துளி வினிகர் தொட்டுத் துடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்து, நன்றாக உலர விடலாம்.

வடசென்னை வீடுகளில் பாமைவிட அதிகம் இருந்தது பர்மா பஜாரில் வாங்கிய டிஜிட்டல் டைரிதான். அந்த வகைக் கருவிகளில் பெரும்பாலும் பிரதான பேட்டரி ஒன்று, நினைவகத்தைக் காக்கத் தனியாக ஒரு பட்டன் செல் என்று இரண்டு ஏற்பாடு இருக்கும். சையான் சீரிஸ் 3 என்ற கைக்கணினியிலும் இரண்டு பென்சில் செல்லோடு ஒரு பட்டன் செல் உண்டு. இவற்றில் ஒன்றை மாற்றி, கருவி இயங்குகிறது என்று பார்த்த பிறகே மற்றதைத் தொட வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் வெளியே இருக்கக் கூடாது.

எனக்குக் கிடைத்த ஆறுதல் பரணிலிருந்து வந்தது. பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, அந்தப் பழைய வகை டிஸ்க்கை இணைக்க உதவும் ஐ.டி.இ. மாற்றி ஒன்றை 650 ரூபாய்க்கு வாங்கி மடிக்கணினியில் இணைத்தேன். சி டிரைவில் பாம் என்ற ஃபோல்டர் அப்படியே இருந்தது. அதற்குள் அப்பாவின் பெயரில் ஒரு ஃபோல்டர், அதில் முகவரி, நாட்குறிப்பு, குறிப்பேடு என்று தனித்தனிக் கோப்புகள். யாராவது இதைச் செய்வதானால் பயனர் பெயர் உள்ள ஃபோல்டரை மட்டும் எடுக்காமல், பாம் ஃபோல்டர் முழுவதையும் நகலெடுங்கள். எந்தப் பெயருக்கு எந்த ஃபோல்டர் என்ற கோப்பு வெளியேதான் இருக்கிறது. பாம் டெஸ்க்டாப்பை நிறுவி அதைத் திறந்தபோது 386 முகவரிகள் வந்தன. கைமாற்று விவரங்களை அப்பா மறைவுக் குறிப்புகளாக வைத்திருந்தார், அவற்றுக்குக் கடவுச்சொல் கேட்டது. அந்தக் காலத்து மறைவுக் குறிப்புகள் குறியாக்கம் செய்யப்பட்டவை அல்ல, மறைத்து மட்டும் வைக்கப்பட்டவை. கோப்பைச் சாதாரண எழுத்துச் செயலியில் திறந்தபோது, புரியாத குறிகளுக்கு நடுவே அப்பாவின் வரிகள் அப்படியே தெரிந்தன. நான் அழுதது அப்போதுதான். ஆனால் அவை 2007 அக்டோபரோடு நின்றுபோயிருந்தன. மூவரில் ஒருவரின் கணக்கு மட்டும், 40,000 ரூபாய், அதில் இருந்தது. அவர் பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்தார். போய்ச் சொன்னதும் மறுப்பேதும் இல்லாமல் இரண்டு தவணையில் கொடுத்துவிட்டார்.

மீதியைத் தேட வேண்டும் என்ற எண்ணமே எனக்கு இல்லாமல் போயிருந்தது. சித்திரை பிறப்பதற்கு முன் வீடு ஒழிக்கும்போது, சாமி அலமாரிக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய பில் குத்தும் கம்பியை அம்மா எடுத்துவந்தார். மேலே மின்கட்டண ரசீதுகள். அவற்றுக்குக் கீழே, நாள்காட்டியிலிருந்து கிழித்த தாள்கள் கொத்தாக இருந்தன. ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பேனாவால் பெயர், தொகை, தொலைபேசி எண். கணினியில் பிரதி எடுக்க வழியில்லாமல் போன பிறகு, கருவியில் எழுதியதை அப்பா கையால் பிரதி எடுத்து வைத்திருக்கிறார். 2008 முதல் உள்ள தாள்கள். பாதிக்கு மேல் ஈரத்தில் ஒட்டிப்போய், பிரித்தபோது மை தாளோடு வந்துவிட்டது. படிக்க முடிந்தவற்றில் இரண்டாவது நபரின் கணக்கு கிடைத்தது, 70,000 ரூபாய். அதுவும் வந்துசேர்ந்தது. மூன்றாவது 75,000 யாரிடம் இருக்கிறது என்று இன்றுவரை தெரியாது. என் கைக்காசில் 4,700 ரூபாய் போனது, நான்கு நாள் விடுப்பும் போனது.

கம்பியின் உச்சியில், ரசீதுகளுக்கும் மேலே, கடைசித் தாள் ஒன்று தனியாக இருந்தது. 2012 ஜனவரி 9 தேதியிட்ட நாள்காட்டித் தாள். அதன் பின்புறம் கடையில் வாங்க வேண்டியவற்றை அப்பா எழுதியிருந்தார். துவரம்பருப்பு, தேங்காய் எண்ணெய், அம்மாவின் மாத்திரை. அதற்கும் கீழே, குறுக்குக் கோடு இல்லாத ஏ எழுத்துகள் மூன்று, கூரை கூரையாக. பக்கத்தில் செல் என்றும், 2 என்றும் எழுதியிருந்தது.